காற்று ஊதும் குழல்

அகநானூற்றின் 82ஆம் பாடல் தமிழாசிரியர் பலர்க்கும் பழகிய பாடல். கபிலர் பாடிய குறிஞ்சித்திணைப் பாடல் அது. பதினெட்டு அடிகளால் ஆனது. வகுப்பறையில் அது நடத்தப்படும் முறையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிக்கப்படும். இடப்புறத்தில் மூங்கில், அருவி, கலைமான், வண்டு, மந்தி, மயில் என எழுதப்படும். வலப்புறத்தில் குழல், முழவு, தூம்பு, யாழ், அவையோர், விறலி என எழுதப்படும். கபிலரின் கற்பனைவளம் பாராட்டப்படும். மாணவர் இருபுறத்தையும் மனனம் செய்வர். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர்.

இம்முறையில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் பெரியதொரு குறை உண்டு. ஒலியைப் பற்றிய பாடலொன்று ஓசையே இல்லாத பட்டியலாகி விடுகிறது. காற்று மூங்கிலைக் குழலாக்கும் என்பதை மாணவர் கண்ணால் படிக்கின்றனர், காதால் கேட்டதில்லை. கேளாத ஒலியை நம்புவது அரிது. எனவே அது புலவரின் புனைவு என்றே அவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இப்பாடலின் மெய்ப்பொருளை அறியவேண்டின், அது புனைவா, மலைநிலத்து வாழ்வில் நிகழக்கூடியதா என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

பாடல் சொல்லும் செய்தி இது. அசைகின்ற மூங்கிலில் துளைகள் விழுந்துள்ளன. அவற்றினூடே கோடைக்காற்று புகுந்து குழலிசையாகிறது. அருவிநீரின் முழக்கம் முழவாகிறது. கலைமான் கூட்டத்தின் கடிய குரல் தூம்பாகச் சேர, மலைச்சாரல் பூக்களில் மொய்க்கும் வண்டு யாழாகிறது. இவ்வின்னிசையைக் கேட்ட மந்திக் கூட்டம் நல்லதோர் அவைபோல வியந்து நோக்க, மூங்கில் வளரும் மலைப்பக்கத்தில் உலவியாடும் மயில் அரங்கேறும் விறலியெனத் தோன்றுகிறது. இத்தகைய நாட்டையுடையவன் தலைவன். முதல் பத்து அடிகளும் இலக்கண வகையால் அவன் ஒருவனுக்கே அடைமொழியாக அமைகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மயிலை விறலிக்கு ஒப்பிடும்போது மட்டுமே கபிலர் உவமைத் தொடரை ஆள்கிறார். குழல், முழவு, யாழ் ஆகியவற்றைச் சொல்லுமிடத்துப் ‘போல’ என்னும் பொருள்படக் கூறாமல் ‘ஆக’ என்றே கூறுகிறார். காற்று குழல்போல ஒலிக்கவில்லை, குழலாகவே ஆகிறது. பட்டியல் முறைப் பாடம் இவ்வேறுபாட்டை அழித்து, எல்லாவற்றையும் ஒப்புமை என்னும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் ஒருங்கே வைத்தார். மரமும் பறவையும் நிலத்தில் தோன்றுவன என்பதில் ஐயமில்லை. பறையும் யாழுமோ மனிதர் செய்வன. அவற்றையும் நிலத்தின் கருவென்றே இலக்கணம் கொண்டது ஏன்? பறைக்குரிய தோலும் யாழுக்குரிய மரமும் அந்நிலம் தந்தவை. அவற்றை முழக்கும் காலமும் காரணமும் அந்நிலத்துத் தொழில் தந்தவை. ஆகவே ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய ஒலி உண்டு என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் துணிபு. கனடிய நாட்டு இசையறிஞர் மர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில், ஓரிடத்தின் ஒலிகள் யாவற்றையும் ஒரு நிலக்காட்சியைப் போல ஒருசேரக் கருதவேண்டும் என்றார். இதனைக் கேட்டவுடன், நம் முன்னோர் அன்றே சொன்னார் என்று பெருமிதம் கொள்வது எளிது. அப்பெருமிதத்தால் பயனில்லை. முன்னோர் சொன்னதை நாம் இன்று செவியால் அறிகின்றோமா என்பதே வினா.

குறிஞ்சி நிலத்து மக்கள் காற்றின் இசையைக் கேட்டு வாளா இருந்தவர் அல்லர். கபிலரே பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளிகளை ஓட்டுகின்றனர். தழல் என்பது கையால் சுற்றும்போது ஓசை எழுப்புவது. தட்டை என்பது மூங்கிலைப் பலவாகப் பிளந்து, ஒன்றன்மேல் தட்டி ஒலிக்கச் செய்வது. உரையாசிரியர் விளக்கங்களால் இவற்றின் இயல்பை அறிகிறோம். இவை அரங்கில் வாசிக்கும் கருவிகள் அல்ல, இவற்றுக்கு ஆசான் இல்லை, அரங்கேற்றம் இல்லை. புனத்தருகே விளைந்த மூங்கிலை வெட்டிப் புனத்தைக் காப்போரே செய்துகொண்டவை. சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று குழல் செய்வதற்குரிய பொருள்களை வரையறுப்பார். அது அரங்கத்துக்குரிய குழல். தட்டையோ புனத்துக்குரிய மூங்கில். தமிழிலக்கியம் இவ்விரண்டையும் அறியும். பாடநூலும் வகுப்பறையும் முன்னதையே மிகுதியும் அறியும்.

ஊரார் கூடி, நிலம் தரும் பொருளைக் கொண்டு, வெட்டவெளியில் ஒலிக்கச் செய்யும் இக்கலைக்கு இன்று ஒலிக்கலை என்று புதுப்பெயர் வழங்குகிறது. கபிலரின் காற்றுக்குழலுக்கும் மகளிரின் தட்டைக்கும் இடையில் மற்றொரு நிலையும் இருக்கக்கூடும்: துளையிடுபவர் மனிதர், ஊதுவது காற்று. இந்நடுநிலையைச் சங்கப் பாடல்களில் தேடி அலைய வேண்டுவதில்லை. மலாய்த் தீபகற்பத்திலேயே அது இருந்தது.

பினாங்கில் வழக்கறிஞராக இருந்து, 1847இல் தீவுக்கூட்ட நாடுகள் பற்றிய ஆய்விதழைத் தொடங்கியவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். காற்றில் தானே பாடும் மூங்கில்களைப் பற்றி அந்நூற்றாண்டிலேயே எழுதியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் 1906இல் ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் தீபகற்பத்துப் பழங்குடிகள் பற்றி இரு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலிலும் இம்மூங்கில்கள் இடம்பெற்றுள்ளன. நீண்ட மூங்கிலின் கணுக்களுக்கு இடையே துளையோ பிளவோ இட்டு, காற்று தடையின்றி வீசும் உயரத்தில் அதனை நிறுத்திவிடுவர். அதன்பின் மனிதர்க்கு வேலையில்லை. காற்று துளையின் விளிம்பில் மோதும்போது உள்ளிருக்கும் காற்றுத்தம்பம் அதிர்ந்து ஒலிக்கும். இடைக்கணு நீண்டிருந்தால் ஒலி தாழும், குறுகியிருந்தால் உயரும். ஒரே மூங்கிலில் கணுக்களின் நீளம் வேறுபடுவதால் ஒரே மூங்கில் பல சுரங்களைத் தரும். காற்று மெலிந்தால் முனகும், வலுத்தால் முழங்கும். கபிலர் பாடல் புனைவன்று, இயற்கையில் நிகழக்கூடியதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இம்மூங்கிலுக்கு வழங்கிய பெயர்கள் இன்னும் கருதத்தக்கவை. ஒன்று ‘பூலோ ரிபுட்’. புயல் மூங்கில் என்பது பொருள். மற்றொன்று ‘பூலோ பெரிண்டு’. சுங்கை பூலோ என்னும் ஊர்ப்பெயரை நாள்தோறும் சொல்லும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்குப் பூலோ என்பது மூங்கில் என்று விளக்க வேண்டுவதில்லை. பெரிண்டு என்பதன் அடிச்சொல் ‘ரிண்டு’. பிரிந்தவரை எண்ணி ஏங்கும் ஏக்கமே ரிண்டு. இனிய குரலைப் பூலோ பெரிண்டுக்கு ஒப்பிடுவது மலாய் மொழியில் இன்றும் வழங்கும் மரபு. காற்று புகுந்த மூங்கிலின் ஒலிக்கு ஏக்கம் என்றே ஒரு மொழி பெயரிட்டிருக்கிறது. குறிஞ்சித் தலைவியின் ஏக்கத்தைப் பாடப் புகுந்த புலவர் அதே ஒலியைப் பாடலின் முதலில் வைத்திருக்கிறார். இருமொழிக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஒரே வகை நிலத்தில், ஒரே வகை மரத்தில், ஒரே வகைக் காற்றைக் கேட்ட இரு மக்கள் ஒரே உணர்வை அடைந்தனர் என்பதே போதும். கருப்பொருளிலிருந்து உரிப்பொருள் பிறக்கும் நெறிக்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

கிளந்தான் மாநிலத்து வாவ் என்னும் பட்டத்தையும் இங்கே நினைத்தல் தகும். 1989ஆம் ஆண்டு வரிசையில் வந்த ஐம்பது காசு நாணயத்தில் அதன் உருவைப் பலரும் கண்டிருப்பர். அதன் தலைப்பகுதியில் வில்லொன்றைக் கட்டி, பிரம்பையோ ஓலையையோ மெல்லிய நாடாவாகச் சீவி அதில் பூட்டுவர். பட்டம் வானில் நிற்கும்வரை அந்நாடா காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்கும். பட்டத்தைக் கண்ணுக்குரியது என்று மட்டும் கருதுவோர்க்கு அது செவிக்கும் உரியது என்பது புதுச்செய்தியாக இருக்கலாம்.

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்து வைத்த கேரித் தீவு இருக்கிறது. அங்கு மா மெரி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். ஸ்கீட் காலத்து நூல்கள் பெசிசி என்று குறிப்பிடுவது இவர்களையே. மரச்சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பெயர்பெற்ற இம்மக்கள், மூதாதையரைப் போற்றும் ஆரி மோயாங் விழாவை ஆண்டுதோறும் நடத்துகின்றனர். அவ்விழாவில் ஆடப்பெறும் ஜோஓ ஆட்டத்துக்குரிய இசையில் மூங்கில் குழாய்கள் தாளம் தருகின்றன. வெவ்வேறு நீளமுடைய குழாய்களைக் கையில் பிடித்துக் கிடைமரத்தில் மாறி மாறி இடிப்பதே முறை. குட்டைக் குழாய் உயர்ந்த ஒலியையும் நெட்டைக் குழாய் தாழ்ந்த ஒலியையும் எழுப்பும். பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்களிடமும் இத்தகைய குழாய்கள் இணை இணையாக வழங்குகின்றன. நெடியது ஆண், குறியது பெண் எனப்படும். ஒருவர் பாட, மகளிர் கூட்டமாகக் குழாய்களை இடித்து அப்பாட்டைத் திருப்பிப் பாடுவர்.

தெமியார் இசையை ஆராய்ந்து மரினா ரோஸ்மன் 1991இல் வெளியிட்ட நூலில் உள்ள செய்தியொன்று குறிஞ்சிப் பாடல்களைக் கற்பிப்போர்க்கு மிகவும் பயன்படும். காட்டில் விட்டுவிட்டு ஒலிக்கும் பூச்சிகளின் ஓசையும் சில பறவைகளின் குரலும் மூங்கில் குழாயின் தாளமும் நெஞ்சின் துடிப்போடு சேர்ந்து ஏக்கத்தை எழுப்புகின்றன என்பது அம்மக்களின் கொள்கை. வெளியிலிருக்கும் ஒலி, உள்ளிருக்கும் துடிப்பு, இரண்டுக்கும் இடையே மூங்கில்: இது கபிலர் பாடலுக்கு எழுதிய உரைபோல இருக்கிறது.

இவ்வுரையோடு பாடலின் பிற்பகுதிக்கு மீள்வோம். முதல் பத்து அடிகளிலேயே பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன. எஞ்சிய எட்டு அடிகளில்தான் பாடலின் உயிர் இருக்கிறது. வில்லேந்திய தலைவன், போர்செய்யும் இயல்புடைய யானை சென்ற வழியை வினவிக்கொண்டு தினைப்புனத்து வாயிலின் ஒருபுறம் வந்து நின்றான். அவனைக் கண்டவர் பலர். அப்பலருள் தான் ஒருத்தி மட்டும் இருள்மிகுந்த இரவில் படுக்கையில் கிடந்து, கண்ணில் நீர் வார, தோள் மெலிவது ஏனோ என்று தலைவி தோழியை வினவுகிறாள்.

பலர் கண்டனர், ஒருத்தி வருந்துகிறாள். இதனை முற்பகுதியோடு பொருத்திப் பார்த்தால் பாடலின் கட்டமைப்பு விளங்கும். முற்பகுதியில் குழலும் முழவும் தூம்பும் யாழும் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கின்றன, மந்திகள் கூட்டமாகக் கேட்கின்றன, எல்லாம் பொதுமை. பிற்பகுதியில் இருள், படுக்கை, தனிமை. திறந்த வெளியின் இசை எல்லார்க்கும் உரியது. அது எழுப்பும் ஏக்கமோ ஒருவர்க்கே உரியது. பொதுவான ஒலியிலிருந்து தனியொரு நெஞ்சுக்குள் இறங்கும் இந்த இறக்கமே பாடலின் சிறப்பு. முற்பகுதியை இயற்கை வருணனை என்று பாராட்டிவிட்டுப் பிற்பகுதியைக் கருத்துச் சுருக்கமாக முடித்துவிடும் திறனாய்வு, பாடலை இரண்டாக ஒடித்துவிடுகிறது.

மேலை இலக்கியத்தோடு ஒப்பிட்டால் இச்சிறப்பு மேலும் தெளிவாகும். காற்றால் மீட்டப்படும் யாழை 1650இல் கிர்ச்சர் என்னும் அறிஞர் தம் இசைநூலில் விளக்கினார். 1795இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அவ்வகை யாழைப் பொருளாக வைத்துக் கவிதை இயற்றினார். அந்த யாழ் வீட்டுச் சாளரத்தில் வைக்கப்படுவது. வீட்டில் இருப்பவர் கேட்பது. கபிலரின் குழலுக்கு வீடில்லை, சாளரமில்லை. மலை முழுவதும் அதற்கு இடம். கேட்போர் பட்டியலில் மந்தியும் உண்டு. இதனால் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கொள்ளற்க. தனிமையில் தொடங்கித் தனிமையில் சிந்திப்பது ஒரு நெறி. ஊரோடு தொடங்கித் தனிமையில் முடிவது மற்றொரு நெறி. குறிஞ்சிப் பாடலின் நெறி பின்னது.

சங்க இலக்கியத்தைப் பழங்குடி மக்களின் மூங்கிலோடு ஒப்பிடுவதை ஏற்காதவர் இருக்கக்கூடும். செம்மொழிப் பாடலுக்குக் காட்டுமக்கள் வழக்கத்தை உரையாக்குவது பொருந்துமோ என்று அவர் ஐயுறலாம். குறிஞ்சிப் பாடல்களின் மாந்தர் தினை விதைத்துக் கிளியோட்டிய மலைமக்கள் என்பதை நினைத்தால் ஐயம் நீங்கும். நகரத்து அறையிலிருந்து அப்பாடலைப் படிப்பவரைவிட, மூங்கில் இடிக்கும் மா மெரி மூதாட்டி கபிலரின் நிலத்துக்கு அணுக்கமானவர். எனினும் இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. பாடலில் மூங்கிலைத் துளைத்தவர் யார் என்பதற்கு எழுவாய் இல்லை. வண்டு துளைத்தது என்று கொள்வதே உரைமரபு. மனிதரே துளைத்தனர் என்று வலிந்து பொருள்கொள்ள இடமில்லை. மூங்கில் பாடும் என்பதற்கு மட்டுமே தீபகற்பம் சான்று. யார் துளைத்தார் என்பதற்கன்று.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மா மெரி மக்களின் ஆட்டத்தைச் சுற்றுலாக் காட்சியாக மட்டும் கண்டு திரும்புவது, கபிலர் பாடலைப் பட்டியலாக்குவதை ஒத்த தவறே. மூங்கில் நிலைத்து நிற்கும் பொருளன்று. வெயிலில் வெடிக்கும், மழையில் உளுக்கும், வண்டு அரிக்கும். கல்லாலும் உலோகத்தாலும் செய்தது செய்தவர் மறைந்தபின்னும் நிற்கும். மூங்கிலால் செய்தது, மீண்டும் மீண்டும் செய்வோர் இருந்தால்தான் நிற்கும். எனவே இக்கலையின் இருப்பிடம் கருவியில் இல்லை. கருவியைச் செய்யத் தெரிந்த ஊரில் இருக்கிறது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் மூங்கில் குழாயை வைக்கலாம். அதனை வெட்டும் பருவமறிந்த கையை வைக்க முடியாது. மூங்கிற்காடும் அதற்குரிய நிலமும் அம்மக்கள் கையைவிட்டுப் போகுமாயின், அவ்வொலியும் உடன்போகும்.

இவ்வுண்மை தமிழர்க்கும் அயலானதன்று. கேரித் தீவின் தோட்டங்களில் மா மெரி மக்களுக்கு அண்மையிலேயே தமிழர் பல தலைமுறை உழைத்தனர். தமிழ்ப்பள்ளிகளும் அங்கு எழுந்தன. அத்தோட்ட வாழ்வுக்கும் தனக்குரிய ஒலி இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் ஓசை, வெயிற்காலத்தில் இரப்பர்க் காய்கள் படீரென வெடித்து விதை சிதறும் ஓசை, திருவிழா நாளில் தப்பும் உருமியும் ஒலிக்கும் ஓசை: இவை அந்நிலத்தின் பறையும் யாழும் ஆகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான காலத்தில், மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். உருமி அவர்களோடு வந்தது. தைப்பூசத்தன்று பத்துமலை வழியில் அது இன்றும் கேட்கிறது. இரப்பர்க்காயின் ஓசை வரவில்லை. அதனைக் கேட்டறியாத தலைமுறை இப்போது வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் வளரும் சிறுவனுக்குத் தொடர்வண்டியின் அதிர்வும் கோயில் மணியும் தெருவின் இரைச்சலும் கருப்பொருள். அவனிடம் கபிலரின் மூங்கிலைச் சொல்லால் மட்டும் கொடுத்தால், அவன் அதனைச் சொல்லாகவே திருப்பிக் கொடுப்பான்.

ஆகவே இப்பாடலைக் கற்பிக்கும் முறை மாறுதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு முற்றிய மூங்கில், ஒரு கூர்ங்கத்தி, காற்றடிக்கும் ஒரு திடல் இருந்தால் போதும். மாணவரும் பெற்றோரும் கூடி, கணுவிடைகளில் துளையிட்டு, அம்மூங்கிலைப் பள்ளித்திடலில் நட்டு வைக்கலாம். முதல் மூங்கில் ஒலிக்காமற் போகலாம். துளையின் அளவும் விளிம்பின் கூர்மையும் காற்றின் திசையும் பொருந்தும்வரை மீண்டும் மீண்டும் முயலவேண்டியிருக்கும். அம்முயற்சியிலேயே அறிவியலும் அடங்கும். நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர் சூத்திரமாக அல்லாமல் செவியுணர்வாக அறிவர். வாய்ப்புள்ள பள்ளிகள் கேரித் தீவுக்குச் சென்று, அங்குள்ள முதியோரை ஆசிரியராகக் கொண்டு அமர்ந்து கற்கலாம். பார்வையாளராகச் செல்வதற்கும் மாணவராகச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதும் ஒரு பாடமே.

காற்று வரும்வரை காத்திருந்து, மூங்கில் ஒலிப்பதைக் கேட்டு, அதன்பின் அகநானூற்று ஏட்டைத் திறக்கலாம். அப்போது கரும்பலகையில் கோடு கிழித்து இருபுறமும் எழுதவேண்டிய தேவை இராது. காற்று குழலானதை மாணவர் தாமே கேட்டிருப்பர். அக்கூட்டத்தில் பலரும் அவ்வொலியை இனிது என்று சொல்லிக் கலைந்து போவர். யாரோ ஒரு பிள்ளை மட்டும், காரணம் சொல்லத் தெரியாமல், அம்மூங்கிலருகே சற்று நேரம் கூடுதலாக நிற்கும். தலைவி தோழியிடம் கேட்ட கேள்வியின் பொருள் அப்பிள்ளைக்கு விளங்கிவிடும்.